நத்தை முதுகில் ஒரு பெருவிரல்

சிறுவர் நூலகத்துச் சுவரில் ஒரு குளத்தையே பதித்திருந்தாள் சிற்பி. தவளை, தும்பி, தாமரையிலை எல்லாமே சூளையில் சுட்ட பீங்கான். குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு நத்தை. சூளைக்குப் போகுமுன் அதன் முதுகு ஈரமாக இருந்தபோது, அவளுடைய நாலு வயது மகள் பெருவிரலை அழுத்திவிட்டாள். "சனியனே, கெடுத்துட்டியே!" என்று கத்தினாள் சிற்பி. பாப்பா உதட்டைப் பிதுக்கியதும் மனசு கேட்காமல் தடத்தோடே சுட்டாள். அடுத்த மாதமே காய்ச்சல் பாப்பாவைக் கொண்டுபோய்விட்டது. சொன்ன சொல் மட்டும் தாயின் தொண்டையில் முள்ளாக நின்றது.

அதன்பிறகு ஐந்து வருடம் அவள் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. நத்தையில் பள்ளம் விழுந்திருக்கிறது, வேறொன்று வேண்டும் என்று நூலகர் போனில் சொன்னதால்தான், புதிதாக ஒன்று செய்து, காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"பிள்ளைங்க பயப்படுதுங்கக்கா," என்றாள் நூலகர். "விரலை வச்சா உள்ளேருந்து யாரோ திருப்பி அழுத்துறாங்களாம். கொஞ்சம் மண்ணை அப்பி மூடிட முடியாதா?"

"சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டுமாம்மா?" என்றபடி சிற்பி குனிந்து பார்த்தாள்.

சூளையில் மண் சுருங்கும். வளர்ந்ததாகச் சரித்திரமே இல்லை. அன்று பட்டாணி அளவுக்குச் சுருங்கி வந்த தடம், இன்று ஒன்பது வயதுப் பிள்ளையின் பெருவிரல் அளவுக்கு இருந்தது. விளிம்பில் ஒரு விரிசல் இல்லை. ரேகைகூடத் தெளிவாகத் தெரிந்தது.

பாப்பாவுக்கு இப்போது ஒன்பது வயது நடந்துகொண்டிருக்கும்.

எடுத்த உளியைத் திரும்பக் கீழே வைத்தாள். இதைப் பெயர்த்தால் பிள்ளை எங்கே போவாள்? ஐயோ, இன்னொரு முறை விரட்டுவதா?

"என்னால முடியாதும்மா."

"மேலிடத்துல என்னைத்தான் திட்டுவாங்கக்கா," என்று முணுமுணுத்துக்கொண்டே நூலகர் காகிதத்தைப் பிரித்தாள். "அட, இதுலயும் குழி இருக்கே!"

காலையில் வழவழவென்று துடைத்துச் சுற்றிய நத்தை. அதன் முதுகில் அதே தடம், அதே அளவில்.

சிற்பி அதை மடியில் வாங்கிக்கொண்டாள். குழியில் தன் பெருவிரலை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

"நீ ஒண்ணும் கெடுக்கலடி தங்கம்," என்றாள், குரல் உடைந்து. "அம்மாதான் தப்பா சொல்லிட்டேன். நல்லா அழுத்து."

உள்ளேயிருந்து ஒரு விரல் பலமாக அழுத்தியது.