ஒரு நாளுக்கு ஒரு நாள்

எண்பத்தேழாம் வருஷம் புரட்டாசி பிறந்த கையோடு, இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. கள்ளக்குறிச்சிக்குப் போகிற வழியெல்லாம் புளியமரங்கள் குறுக்கே கிடந்தன. பஸ் இல்லை, லாரி இல்லை, பாங்கிக்குப் போக வழியில்லை. விடுமுறைக்கு வந்திருந்த நிர்மலா சென்னைக்குத் திரும்ப முடியாமல், வடக்கனந்தலை ஒட்டிய காலனியில் அம்மா காசியம்மாளின் வீட்டிலேயே மாட்டிக்கொண்டாள்.

வீடு என்றால் மூன்று சுவர். முந்தின வருஷ மழையில் கல்வராயன் மலையிலிருந்து இறங்கிய தண்ணீர் ஓடையை உடைத்துக்கொண்டு வந்து நான்காவது சுவரைக் கரைத்துவிட்டது. அந்தப் பக்கம் ஓலைத்தட்டிதான்.

நிர்மலா கலைக் கல்லூரியில் அச்சு ஓவியம் படித்தாள். வெறும் காகிதம் எப்படிப் பணமாகிறது என்பதைத்தான் அந்த வருஷக் கண்காட்சிக்குப் பொருளாக எடுத்திருந்தாள். ரூபாய் நோட்டு அளவில் ஓர் அச்சுப் பலகை செதுக்கினாள். ராஜா தலை, சிங்கம் எதுவும் இல்லை. குனிந்து நடவு நடுகிற ஒரு பெண். கீழே இரண்டு வரி: ‘இதைக் கொண்டுவருபவருக்கு, கையெழுத்துப் போட்டவர் ஒரு நாள் தம் கையால் வேலை செய்து தருவார்.’ அதில் அச்சடித்த ஒரு நோட்டை வாத்தியார் புரட்டிப் பார்த்துவிட்டு, “கையெழுத்து யாரும்மா போடுவாங்க? அது இல்லாத வரைக்கும் இது வெறும் படம்தான்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மறியல் நடந்துகொண்டிருக்கும்போதே செல்லமுத்துவின் நாற்று முற்றத் தொடங்கியது. அந்தப் பக்கத்தில் நிலபுலன் உள்ளவர் அவர். நடவுக்குப் பன்னிரண்டு பெண்கள் வேண்டும்; கையில் பணமில்லை. போன வருஷக் களையெடுப்புக் கூலியையே பொங்கல் வரைக்கும் இழுத்தவர் என்பதால், கடனுக்கு இறங்க ஒருத்தியும் தயாராக இல்லை. எல்லாரும் வரப்பில் நின்றார்கள்.

“ரோடு தொறந்ததும் குடுத்துடறேன்னு சொல்லிக்கினு கீறேனே, நம்ப மாட்டீங்களா?”

அம்மாவோடு வந்திருந்த நிர்மலாவுக்கு என்ன தோன்றியதோ, வீட்டுக்கு ஓடிப்போய்த் தான் அச்சடித்து வைத்திருந்த ரூபாய் அளவு நோட்டுகளை எடுத்து வந்தாள். “இதுல கையெழுத்துப் போட்டுக் குடுங்க ஐயா. அவுங்க நம்பி எறங்குவாங்க.”

“இன்னாது இது, சினிமா டிக்கெட்டா?” என்று செல்லமுத்து சிரித்தார். பெண்களும் சிரித்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் முழங்கால்மேல் வைத்துப் பன்னிரண்டிலும் கையெழுத்துப் போட்டார். எழுதியிருந்ததைப் படித்தாரா என்பது சந்தேகம்தான். மாலைக்குள் நடவு முடிந்தது.

மரங்களை அகற்றிப் பாதை திறந்ததும், சொன்னபடியே பணத்தோடு வந்தார். கூடவே அவர் மனைவி தங்கமணியும் வயல் பார்க்க வந்திருந்தாள். பதினோரு பெண்கள் சீட்டைக் கொடுத்துக் கூலியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்கள். காசியம்மாள் மட்டும் கையை நீட்டவில்லை.

“எனக்குப் பணம் வாணாங்க. ஒரு நாளு வேணும்.”

“இன்னா சொல்ற?”

“எம் வூட்டுக்கு ஒரு செவுரு வைக்கணும். சீட்டுல போட்டுக்கிற மாரி வந்து வேல செய்ங்க.”

முதலில் சிரித்தார். பிறகு இரண்டு மடங்கு தருகிறேன் என்றார். பிறகு மூன்று மடங்கு. காசியம்மாள் அசையவில்லை. அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

“ஒன் தெருவுல வந்து நான் மண்ணு மெதிக்கணுமா?”

“நான் ஒங்க நெலத்துல வந்து மெதிச்சனே ஐயா.”

நிர்மலா அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். இவர் வேலைக்குக் கூப்பிடாவிட்டால் அடுப்பு எரியாது. கல்லூரிச் சுவரில் ஆணியடித்து மாட்டத்தான் அவள் அதைச் செதுக்கினாள். இப்படி ஒரு பகையை இழுத்துவர அல்ல. “வாங்கிக்கம்மா” என்று கிசுகிசுத்தாள்.

“இன்னாத்துக்கு வாங்கணும்? நீ எழுதுனதுதான? படிச்சிக் காட்டு அவுருக்கு.”

நிர்மலா சீட்டை வாங்கினாள். முதல் சொல்லை முணுமுணுத்தாள். அடுத்த சொல்லைச் சத்தமாகச் சொன்னாள். ‘தம் கையால்’ என்ற இடத்துக்கு வந்தபோது குரலில் நடுக்கம் இல்லை. தன் எழுத்து காகிதத்தைவிட்டு இறங்கி ஒரு மனிதரின் முன்னால் நிற்பதை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

தங்கமணி புருஷனைப் பார்த்தாள். “கையெழுத்து ஒங்குளுதுதான? இதயே பாங்கிக்காரன் காட்டுனா இல்லேன்னுவீங்களா?”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். “வெள்ளிக்கெழம வரேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

வரமாட்டார் என்றுதான் தெரு பேசிக்கொண்டது. ஆனால் வெள்ளிக்கிழமை பொழுது விடியும்போதே தலையில் முண்டாசோடு வந்து நின்றார். யார் கண்ணிலும் படாமல் முடித்துவிடலாம் என்று நினைத்திருப்பார். காலனியே வாசலில் நின்றது. அவர் யாரையும் பார்க்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செம்மண் சேற்றில் இறங்கி மிதித்தார். காசியம்மாள் அருகில் நின்று, “அந்த ஓரத்துல கட்டி கீது பாருங்க, நல்லா மெதிங்க” என்றாள். அவர் மிதித்தார். நிர்மலா சேற்றை உருட்டிக் கொடுக்க, வாங்கி வாங்கிச் சுவரில் வைத்தார். சுவர் முழங்கால் உயரம் வந்தது.

உச்சிவேளையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சாப்பிடப் போனவர் திரும்பவில்லை. “அவ்ளோதான்” என்று கூட்டம் கலையத் தொடங்கியபோது, தெரு முனையில் தங்கமணி வந்துகொண்டிருந்தாள்.

“அவுருக்கு இடுப்பு புடிச்சிக்கிச்சி. மீதி அர நாளு என்னுது.”

“சீட்டுல அவுரு பேருதானங்க கீது?” என்றாள் காசியம்மாள்.

“வூடு ஒண்ணுதான?”

காசியம்மாள் கொஞ்சம் யோசித்தாள். “சரி, வாங்க. மொதல்ல கூழு குடிங்க. எங்கிட்ட வேலைக்கு வர்றவங்கள வெறும் வயித்தோட வுட மாட்டேன்.”

சொம்பை நீட்டினாள். காலனி வீடு எதிலிருந்தும் செல்லமுத்து வீட்டுக்காரர்கள் யாரும் அதுவரை ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. தங்கமணி சொம்பையும் காசியம்மாளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வாங்கி அண்ணாந்து குடித்தாள். பாதியில் நிறுத்தி, “கடிச்சிக்க ஒரு பச்ச மொளகா இல்லியா?” என்று கேட்டாள். நாலு வீட்டிலிருந்து மிளகாய் வந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் மணலூர்பேட்டையில் அப்பா வீட்டில் எல்லா வேலையும் செய்தவள் அவள். புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினாள் பாருங்கள், புருஷன் காலையெல்லாம் வைத்ததைவிட ஜாஸ்தி வைத்தாள். பொழுது சாயும்போது சுவர் இடுப்பளவு நின்றது. கையில் சேறோடு நின்றவளிடம் காசியம்மாள் சீட்டை நீட்டினாள்.

“அம்மா, அது கண்காட்சிக்கு வேணும்!” என்று பதறினாள் நிர்மலா.

“கணக்கு தீந்திச்சு. இனிமே அது அவுங்குளுது.”

தங்கமணி அதை இடுப்பில் செருகிக்கொண்டாள். “பாதிய நான் அடைச்சேன்னு அவுருக்குக் காட்டணும் இல்ல?” இருவரும் சிரித்த சிரிப்பில் நிர்மலாவும் சேர்ந்துகொண்டாள்.

தை மாதம் சென்னையில் கண்காட்சி நடந்தது. நிர்மலா வேறு சீட்டு அச்சடிக்கவில்லை. வெறும் கண்ணாடிச் சட்டத்தை மாட்டினாள். கீழே, ‘ஒரு நாள். செல்லுபடியாகிவிட்டது, உரியவர் வாங்கிப் போய்விட்டார்’ என்று எழுதினாள். வந்தவர்கள் குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து படித்தார்கள். புதுப்புடவையில் வந்திருந்த காசியம்மாளுக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. சட்டத்தின் பக்கத்தில் போய் நின்று நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். பத்துப் பேர் இருபது பேர் ஆனார்கள். அடுத்த அறையில் பெரிய பெரிய படங்கள் ஆளில்லாமல் தொங்கின. நிர்மலாவுக்கான முதல் பரிசு அட்டையைக் குத்த வந்த வாத்தியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டியிருந்தது. நிர்மலா பின்னால் நின்று அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், நெஞ்சு நிறைந்திருந்தது.

கோட்டுப் போட்ட ஒருவர் முன்னால் வந்து, “இதுக்கு என்ன விலை?” என்று கேட்டார்.

“வெலையா? செவுரு ஊர்ல நிக்குது, வந்து பாத்துட்டுச் சொல்லுங்க” என்றாள் காசியம்மாள். “பஸ்சு சார்ஜி மட்டும் ஒங்க செலவு.”