பவுலின், பி.ஏ.

ஐஸ் பெட்டியின் வயர் எட்டவில்லை. இருதய அருண் அதைப் பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக விட்டு, ஸ்விட்சைப் போட்டு, பெட்டி உறுமத் தொடங்கியதைக் கேட்ட பிறகுதான் நிமிர்ந்தான். கண்ணாடிக்குள் அம்மாவின் முகம் லேசாக வீங்கியிருந்தது. நேற்று மதியம், திண்டிவனத்தில் அவள் ஆயாவாக வேலை பார்த்த நர்சரிப் பள்ளியில், எல்.கே.ஜி. பிள்ளை ஒன்றுக்குக் கால் கழுவிவிட்டு எழுந்தவள் சுவரோடு அப்படியே சரிந்துவிட்டாள். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. நாற்பத்தெட்டு வயது.

வாசல் பந்தலில் அப்பா சவரிராயன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தன் அக்கா மகன் ஜெனித்துக்கு கண்ணீர் அஞ்சலி போர்டுக்கான வாசகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பவுலின்னு பெருசா போட்டு, பக்கத்துலயே பி.ஏ.ன்னு போடு."

ஜெனித் செல்போனில் தட்டியபடி கேட்டான். "சர்டிபிகேட் வந்துடுச்சா மாமா?"

"வரலன்னா இன்னா? ஆறு பேப்பரும் பாஸு. டேய் அருணு, இங்க வா. மணி பத்துதான் ஆவுது, அடக்கத்துக்கு சர்ச்சு சாமியாரு நாலு மணிக்குதான் வர்றாரு. பைக்க எடுத்துக்கினு ஜல்தியா விழுப்புரம் போய், அந்த சென்டர்ல நெலமயச் சொல்லி, சர்டிபிகேட்டு இல்லன்னா வேற எதனா ஒரு காயிதம் வாங்கிக்கினு வந்துடு. அவ நெஞ்சு மேல வெச்சு அனுப்பிடுவோம்."

அவர் காலடியில் பவுலினின் பாடப் புத்தகங்கள் ஒரு பையில் இருந்தன. அவற்றையும் சவப்பெட்டியில் வைக்க வேண்டும் என்று காலையிலேயே எடுத்து வந்திருந்தார். அவள் படிக்க ஆரம்பித்தபோது, 'இனிமே கலெக்டராவப் போறியா' என்று சிரித்த மனுஷன்தான். மே மாதம் ரிசல்ட் வந்ததிலிருந்து டீக்கடையில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லித் தீர்த்துவிட்டார்.

அருண் அந்தப் பையைப் பார்த்தபடி நின்றான்.

பவுலின் கல்யாணத்துக்கு முன்னால் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்தவள். மூன்றாம் வருஷம் படிக்க விடவில்லை. பாதியில் விட்டவர்கள் படித்த வருஷங்களையும் சேர்த்துக்கொண்டு, பிடித்த பாடங்களாக எடுத்து, ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு மட்டும் வந்து பொதுப் பட்டம் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு திட்டம் இருப்பதை இருபத்தைந்து வருஷம் கழித்துக் கேள்விப்பட்டாள். டிகிரி இருந்தால் டீச்சராகவே போடுகிறோம் என்று பள்ளிக்கூடத்திலும் சொன்னார்கள். பழைய மார்க் லிஸ்டுகளை அருண் கையில் கொடுத்தாள். அவன் விழுப்புரத்தில் செல்போன் கடையில் வேலை பார்த்தான். வகுப்பு நடக்கும் சென்டர், கடையிலிருந்து நடக்கிற தூரம்தான்.

பெயரைப் பதிந்துவிட்டான். பழைய வருஷங்களைச் சேர்ப்பதற்கான விண்ணப்பத்தை ஒரு மாதத்துக்குள் தரச் சொன்னார்கள். நாளைக்குத் தரலாம், நாளைக்குத் தரலாம் என்று அது மார்க் லிஸ்டுகளோடு கடை மேசை இழுப்பறையில் கிடந்தது. கடைசித் தேதி முடிந்த மறு வாரம் போனான். "இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுப்பா. அந்த ரெண்டு வருஷத்தையும் புதுசா எழுதச் சொல்லு. இல்லாட்டி டிகிரி வராது" என்றார் அங்கிருந்தவர்.

அன்று சாயங்காலம், விண்ணப்பத்தைக் கொடுத்தாயா என்று அம்மா கேட்டாள். "குடுத்துட்டேம்மா" என்றான்.

அந்த ஒரு வார்த்தையை நம்பி அவள் ஒரு வருஷம் படித்தாள். அடுப்பில் கேப்பைக் கூழைக் கிண்டிக்கொண்டே படித்தாள். ஆறு தாளும் பாஸ். அதற்குப் பிறகு மூன்று மாதம், தினமும் அவன் வண்டியை நிறுத்தும்போது கேட்பாள்: "தபால் எதனா வந்துச்சாடா?" ஜூன் மாதம் பள்ளியில் வேறொரு பெண்ணை டீச்சராகப் போட்டார்கள். அந்தப் பெண்ணுக்கும் பவுலின்தான் கரும்பலகை துடைத்துக் கொடுத்தாள்.

"இன்னாடா நிக்கற? கெளம்பு" என்றார் சவரிராயன். "நீ போவலன்னா ஜெனித்த அனுப்பறேன்."

"வேணாம்பா." அருண் பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டான். "அம்மா பாஸ் பண்ணல."

ஜெனித் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினான்.

"ரெண்டு பேப்பரு பெயிலு. உன்கிட்ட சொல்லாதன்னுச்சு. நானும் சொல்லல."

சவரிராயன் எழுந்து உள்ளே போய் ஐஸ் பெட்டியின் பக்கத்தில் நின்றார். அருண் வாசற்படியிலேயே நின்றான். அப்பா அழப்போகிறார் என்று நினைத்தான். அவர் அழவில்லை.

"ஊரெல்லாம் சொல்ல வெச்சிட்டியே" என்றார், கண்ணாடியைப் பார்த்து. திரும்பி வந்து ஜெனித்திடம், "அத எடுத்துடு. வெறும் பேரு போதும்" என்றார்.

உள்ளே உட்கார்ந்திருந்த பெண்கள் காதுக்கு அது போய்ச் சேர அதிக நேரமாகவில்லை. அத்தை இன்னாசியம்மாள் ஜெபமாலையை உருட்டியபடியே சொன்னாள். "எனுக்கு அப்பவே தெரியும். புருசனுக்கு ஒழுங்கா சோறு பொங்காத, பொஸ்தகத்த வெச்சிக்கினு இன்னா ஆட்டம் ஆடனா. இதுக்குத்தானா."

யாரோ மெதுவாகச் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் அடுத்த 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தைச் சொன்னார்கள். அருணும் சொன்னான். டீ வந்தபோது அத்தை பையிலிருந்த புத்தகங்களை எடுத்துத் தரையில் அடுக்கி, சூடான டீக் கெட்டிலை அதன்மேல் வைத்தாள்.

மூன்று மணி வாக்கில், தெருமுனையில் ஒரு பெண் கையில் மாலைப் பொட்டலத்தோடு வீட்டு அடையாளம் கேட்டுக்கொண்டிருந்ததை அருண் பார்த்தான். விறுவிறுவென்று நடந்தான்.

"நீங்க அருண்தானே? நான் சங்கவி, கண்டமங்கலம். சென்டர்ல அக்கா கூட ஒண்ணா படிச்சேன்" என்றாள். அழுது அழுது கண் சிவந்திருந்தது. "அக்காதான் எனக்கு இங்கிலீஷே சொல்லிக் குடுத்தாங்க. அதுல அக்காவுக்கு எழுவத்தெட்டு மார்க்கு, எங்க சென்டர்ல அதான் டாப்பு. அப்பாகிட்ட சொல்லியிருப்பாங்க இல்ல? அவர ஒரு தபா பாத்துட்டுப் போறேன்."

பத்து வீடு தள்ளிப் பந்தலில் சவரிராயன் யாருக்கோ நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பாவுக்கு மயக்கமா இருக்குது. ஊசி போட்டுப் படுக்க வெச்சிருக்கோம்" என்றான் அருண்.

"அப்ப அக்கா மூஞ்சிய மட்டும் பாத்துட்டு—"

"பொட்டிய மூடியாச்சுங்க."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். "லீவு சொல்லிட்டு ரெண்டு பஸ் மாறி வந்தேன்" என்றாள்.

"வாங்க, பஸ் ஏத்தி விடறேன். இங்க ஆட்டோ கெடைக்காது."

வண்டியில் பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். "எம்புள்ள இல்லன்னா இந்தப் படிப்பே இல்லன்னு சொல்லிக்கினே இருப்பாங்க. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் சொல்லுவாங்க. எங்களுக்கெல்லாம் பொறாமையா இருக்கும்." அவன் ஹார்ன் அடித்தான். முன்னால் வண்டி எதுவும் இல்லை.

விழுப்புரம் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. சங்கவி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, மாலைப் பொட்டலத்தை வெளியே நீட்டினாள். "அக்காவுக்கு நீங்களே போட்டுடுங்க. சம்பங்கின்னா அவங்களுக்குப் பிடிக்கும்."

அவன் வாங்கிக்கொண்டான். அம்மாவுக்குச் சம்பங்கி பிடிக்கும் என்று அவனுக்குத் தெரியாது. பஸ் மேம்பாலத்துப் பக்கம் திரும்பி மறையும்வரை நின்றான். மணி மூன்றே முக்கால். இதைக் கொண்டுபோனால், யார் வாங்கிக் கொடுத்தது என்று வீட்டில் கேட்பார்கள்.

நிழற்குடை பெஞ்சில் மல்லாட்டைக் கடலை மூட்டையோடு ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் மாலையை வைத்துவிட்டு அருண் வண்டியை எடுத்தான். அவள் அவனைக் கூப்பிடவில்லை. மாலை கீழே விழுந்துவிடாமல், கொஞ்சம் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.