ஜெயித்த வழக்குக்கு ஒரு மேல்முறையீடு

வக்கீலாக இருந்த இத்தனை வருடங்களில், நானே ஜெயித்துக் கொடுத்த தீர்ப்பை உடைக்கப் போனது ஒரே ஒரு முறைதான். அது புருல் அக்காவின் விவாகரத்து வழக்கு.

அக்காவும் அவர் கணவர் ஜூமாதில் அண்ணனும் கிர்கிஸ்தானில் இசிக்-குல் ஏரியின் தென்கரையில் ஒரு கிராமத்தில் பல வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள். அக்கா குட்டியிலிருந்து வளர்த்துப் பால் கறந்துகொண்டிருந்த பெண்குதிரையை, தன் தம்பி மகன் கல்யாணத்துக்குப் பரிசாக அண்ணன் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்கா அன்றைக்கே தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். அங்கிருந்தே என் மூலமாக விவாகரத்து வழக்கும் போட்டார்.

வட்டார நீதிமன்றம் சமாதானமாகப் போக அவகாசம் தந்தது. இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசி விசாரணையில் அண்ணன் கூரையைப் பார்த்தபடி, "போறவங்களக் கட்டியா வைக்க முடியும்?" என்றார். தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. ஜெயித்த அக்கா வெளியே வந்து என் தோளில் சாய்ந்து அழுதார்.

அடுத்த வாரமே அண்ணன் மலை தாண்டித் தம்பியிடம் போனார். கொடுத்த பரிசைச் சும்மா திரும்பக் கேட்பது எங்களில் பெரிய அவமானம். அதனால் தான் ஏறிப் போன கறுப்புக் குதிரையைத் தம்பி வீட்டிலேயே கட்டிவிட்டு, அக்காவின் குதிரையைப் பிடித்துக்கொண்டு நடந்தே திரும்பினார். அது அக்காவினுடையது என்று ஏறக்கூட இல்லையாம். கிர்கிஸ் ஆண்பிள்ளை ஒருவர் குதிரையைக் கையில் பிடித்தபடி பனியில் நடந்து வருவதை வழியெல்லாம் நின்று வேடிக்கை பார்த்துச் சிரித்திருக்கிறார்கள்.

தங்கை வீட்டு வாசலில் அக்கா முதலில் குதிரையைத் தடவிக் கொடுத்தார். பிறகு அண்ணனின் நனைந்த பூட்ஸைப் பார்த்தார்.

"உள்ள வந்து காலக் காய வைங்க" என்றார்.

இரண்டு நாள் கழித்து இருவரும் சேர்ந்தே என் அலுவலகத்துக்கு வந்தார்கள்.

"தங்கச்சி, இந்தத் தீர்ப்பக் கிழிச்சுப் போட்டுடலாமா?" என்று என்னைக் கேட்டார் அண்ணன்.

"கிழிச்சா காகிதம்தான் போகும். குடுத்த ஜட்ஜாலயே அத மாத்த முடியாது அண்ணே. மேல இருக்கிற மாகாணக் கோர்ட்டுதான் மாத்தணும். நல்லவேளை, இன்னும் ஒரு மாசம் முடியல. முடிஞ்சிருந்தா தீர்ப்பு அமலுக்கு வந்திருக்கும்."

"அப்ப நானே போய்க் கேக்கறேன்" என்றார் அக்கா.

"நீங்க கேட்டதத்தானே குடுத்திருக்காங்க! தோத்தவர் மேல்முறையீடு போடணும். அப்புறம் நீங்க வழக்க வாபஸ் வாங்கணும். நான் உங்க வக்கீல். அவர் மனுவ அவரே எழுதட்டும்."

அண்ணன் பேனாவை எடுத்தார். கீழ்க்கோர்ட் தீர்ப்பில் என்ன தவறு என்று மனுவில் சொல்ல வேண்டும். வெகுநேரம் யோசித்தார்.

"ஜட்ஜ் ஒரு தப்பும் பண்ணலியே. நான்தான் பண்ணேன். அப்படியே எழுதிடவா?"

"ஐயோ, அப்படி எழுதினா தள்ளிடுவாங்க. தீர்ப்புக்கப்புறம் சமாதானம் ஆயிட்டோம்னு எழுதுங்க."

எழுதினார். அக்கா எட்டிப் பார்த்து, எழுத்துப்பிழைகளைத் திருத்தச் சொல்லிக்கொண்டே இருந்தார். தீர்ப்புத் தந்த நீதிமன்றத்திலேயே மனுவைக் கொடுத்தோம். அவர்கள்தான் வழக்குக் கட்டோடு மேலே அனுப்ப வேண்டும்.

காரகோல் நகரில் மாகாண நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள். நடுவில் இருந்த அம்மாள் கேட்டார்: "மறுபடி கல்யாணத்தப் பதிவு பண்ணிக்கறது சுலபமாச்சே?"

"புது மாப்பிள்ளைன்னு ஊரே கிண்டல் பண்ணும்மா. நடந்து வந்ததுக்கே இன்னும் சிரிக்கிறாங்க" என்றார் அண்ணன்.

அக்கா எழுந்தார். "என் கல்யாணம் முறியவே இல்லன்னு எழுதிக் குடுங்க. புதுசா ஒண்ணு எனக்கு வேண்டாம்."

"யாராவது உங்களக் கட்டாயப்படுத்தினாங்களா?"

"இந்த மனுஷனா? என்னையா?"

ஓரத்திலிருந்த நீதிபதி இருமுவதுபோல் வாயை மூடிக்கொண்டார்.

"வாபஸ் வாங்கினா இதே காரணத்தச் சொல்லித் திரும்ப வர முடியாது. தெரியுமா?" என்றார் நடுவில் இருந்த அம்மாள்.

"இதே காரணத்துக்கு வர மாட்டேம்மா. இவர் புதுசா ஏதாவது பண்ணுவார்."

மூவரும் உள்ளறைக்குப் போய்விட்டுத் திரும்பினார்கள். கீழ்க்கோர்ட் தீர்ப்பு ரத்து, வழக்கு முடித்துவைக்கப்பட்டது.

அண்ணன் என் காதருகே குனிந்தார். "நான் ஜெயிச்சேனா, தோத்தேனா?"

"வழக்கே இல்லண்ணே."

வெளியே வந்து சந்தையில் ஆஷ்லான்-ஃபு சாப்பிட உட்கார்ந்தோம். அந்தக் குளிர் நூடுல்ஸில் அண்ணன் கரண்டி நிறைய மிளகாய் விழுதை அள்ளிப் போட்டார். "வயிறு என்னத்துக்காகும்?" என்று அதட்டிக்கொண்டே அக்கா காரம் குறையத் தன் கிண்ணத்திலிருந்து பாதியை அவருக்கு மாற்றி ஊற்றினார்.