வாரம் ஒரு பொட்டலம்

பறித்துக் கொட்டிய மிளகுக் கொத்துகளைக் காலால் மிதித்து உதிர்த்துக்கொண்டிருந்த அம்சவேணி, பாதியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சில மாதங்களாகவே எலும்பைக் குடையும் வலி. மரமேறி மிளகு பறிக்கிறவளுக்கு இப்போது மாடிப்படி ஏறவே முடியவில்லை.

கணவன் ராஜதுரை அவளைச் சோளக்காடு என்ற மலையூரில் பஸ் ஏற்றி நாமக்கல்லுக்கு அழைத்துப்போனான். ரத்தத்தைச் சோதித்த டாக்டரம்மா, வைட்டமின் டி மிகவும் குறைந்திருப்பதாகச் சொன்னார். பாலில் கலந்து குடிக்க ஒரு பொடி எழுதிக்கொடுத்தார். வாரம் ஒரு பொட்டலம்தான். இரண்டு மாதம் கழித்து வந்து காட்ட வேண்டும்.

சில வாரங்களிலேயே வலி குறைந்தது. ராஜதுரைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"வாரம் ஒண்ணுக்கே இப்படின்னா, தெனமும் குடிச்சா எவ்வளவு தெம்பா இருப்ப!"

"டாக்டரம்மா வாரம் ஒண்ணுன்னுதானுங்களே சொன்னாங்க?"

"சத்துதானே, வெசமா? குடி கண்ணு."

அடிவாரத்து மருந்துக்கடையில் கேட்டதும் கொடுத்தார்கள். தினமும் காலையில் அவனே பாலைக் காய்ச்சிக் கலக்கிக் கொடுத்தான். வலிதான் இல்லையே என்று திரும்பப் போய்க் காட்டவும் இல்லை.

சில மாதங்களில் அம்சவேணிக்குச் சோற்றைக் கண்டாலே குமட்டியது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். அப்படியும் தாகம் அடங்கவில்லை. 'மறுபடியும் சத்து கொறைஞ்சிருச்சாட்டம் இருக்குது' என்று நினைத்த ராஜதுரை, தினமும் இரண்டு பொட்டலம் கலக்கினான். ஒரு நாள் காலை, பால் தம்ளரை நீட்டியவனை அவள் வெறித்துப் பார்த்தாள்.

"நீங்க யாருங்க?"

அவன் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அவளைக் கைத்தாங்கலாகப் பஸ்ஸுக்குக் கூட்டிப்போனான்.

ஆஸ்பத்திரியில் ரத்தச் சோதனை முடிவைப் பார்த்து, தினமும் பொடி கொடுத்ததையும் கேட்டறிந்த டாக்டரம்மாவின் முகம் இறுகியது.

"வைட்டமின் டி மிஞ்சினா ரத்தத்துல சுண்ணாம்புச் சத்து ஏறிடும். புத்தி தடுமாறும், கிட்னி கெடும். இது சீக்கிரம் வெளியே போகாது, உடம்புலயே தங்கிடும். தினமும் யார் குடுக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லலீங்க... நானாத்தான் குடுத்தேனுங்க. என் கையால..."

பொடியை நிறுத்தி, பல நாள் சலைன் ஏற்றிய பிறகு அம்சவேணிக்கு நினைவு தெளிந்தது. கிட்னி மட்டும் பழையபடி திரும்பவில்லை. இனி ஆயுளுக்கும் மருந்தும் பத்தியமும்தான். அவள் அவனை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவனை அதிகம் வருத்தியது.

ஒரு சந்தை நாளில், சோளக்காட்டில் பலாப்பழம் விற்கும் பாவாயி அவனை நிறுத்தினாள்.

"சாமி, அம்சாவுக்கு எலும்பு வலி நின்னுச்சாமே, அந்தப் பொடி பேரு என்ன? எனக்கும் முட்டி வலி தாங்கலை."

"பேரைச் சொல்ல மாட்டேனுங்க அக்கா. அதே பொடிதான் அவ வலியைத் தீர்த்துச்சு. அதேதான் அவ கிட்னியையும் கெடுத்துச்சு. சத்து கொறைஞ்சாலும் சீக்கு, மிஞ்சினாலும் சீக்கு. எவ்வளவு வேணும்னு ரத்தத்தைப் பாத்து டாக்டர்தான் சொல்லோணும். நாமளா அளவு வெக்கக் கூடாதுங்க. நாளைக்குக் காலைல கெளம்பி இருங்க, நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."