இருபத்தோராவது பதிவு

மார்ச் 11, செவ்வாய். ஒரு திருத்தம். நேற்று பயிற்சியை இருபது முறை வாசித்ததாக எழுதியிருந்தேன். டேப்லெட்டில் பார்த்தால் நேற்றைய கணக்கில் இருபத்தொன்று இருக்கிறது. எண்ணும்போது எங்கோ கவனம் சிதறியிருக்கிறது. இனி ஐந்து முடிந்ததும் ஒரு கோடு போட வேண்டும்.

எழுதிய கையோடு, கோடு போடுவதற்கென்று ஒரு தாளையும் மடித்து வைத்துக்கொண்டாள். மாலைப் பியானோ வகுப்பில் அவளுக்கு ‘டயரி’ என்று பெயர் விழுந்ததில் ஆச்சரியமில்லை. பகலெல்லாம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் ஃபிரேமுக்குத் தக்கபடி லென்ஸ் தேய்க்கிறவள். அரை மில்லிமீட்டர் தப்பினாலும் லென்ஸ் கழன்று விழும். அதனால் எதையும் இரண்டு தடவை அளப்பாள். அளந்த பிறகும் தன் கண்ணைத்தான் சந்தேகப்படுவாள்.

வீட்டில் பியானோ கிடையாது. வைக்க இடமும் கிடையாது. அண்ணனுடைய டேப்லெட்டில் ஒரு பியானோ செயலி இருந்தது. அவன் லிஃப்ட் மெக்கானிக். வேலைக்கான வரைபடங்களைப் பார்க்க வாங்கிய டேப்லெட்டில், ஓய்ந்த நேரத்தில் கண்ணாடிமேல் விரலை ஓட்டி ஒரே ஒரு பாட்டைப் பழகியிருந்தான். போன மே மாதம் மழையில் பைக் சறுக்கியது. அதோடு போய்விட்டான். பத்து மாதமாக அம்மா அவன் அறையில் கால் வைத்து அவள் பார்த்ததில்லை. டயரி மட்டும் மாலையில் உள்ளே போய், அவன் மேசையில் உட்கார்ந்து பயிற்சி செய்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வருவாள்.

புதன்கிழமை வகுப்புக்குக் கிளம்பும் முன் பதிவுப் பட்டியலைத் திறந்தாள். அந்தச் செயலி யார் வாசித்தாலும் தானாகவே பதிந்துகொள்ளும். கட்டையைத் தொட்டால் பதிவு தொடங்கும். ஐந்து நொடி சத்தமில்லாவிட்டால் முடிந்ததென்று மூடி, தேதியும் நேரமும் போட்டு வைக்கும். அன்று அவள் இன்னும் ஒரு கட்டையைக்கூடத் தொடவில்லை. ஆனால் பட்டியலின் உச்சியில் அன்றைய தேதி இருந்தது. காலை பதினொன்று பத்து. நாலு நிமிடம்.

பதினொன்று பத்துக்கு அவள் தேய்ப்பு எந்திரத்தின் முன்னால் இருந்தாள். அம்மா பின்தெரு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்திருப்பாள். வீடு பூட்டிக் கிடந்திருக்கும்.

பட்டியலைக் கீழே தள்ளிப் பார்த்தாள். வேலை நாள் ஒவ்வொன்றிலும் பதினொன்று பத்து. சனி, ஞாயிறில் இல்லை. பேய்க்கும் வார விடுமுறை உண்டு போல என்று சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. அதை ஓடவிட்டாள்.

அண்ணனின் பாட்டு. நடுவில் ஓரிடத்தில் கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு அடியில் கொண்டுபோக வேண்டும். அங்கே அவன் எப்போதும் மாட்டிக்கொள்வான். மூச்சுப் பிடித்தவன்போல் நின்று, பிறகு தொடர்வான். டேப்லெட் அதே இடத்தில் நின்றது. பிறகு தொடர்ந்தது.

வகுப்பில் அன்று விரல் ஒன்றும் ஓடவில்லை. முடிந்ததும் டீச்சரிடம் மெல்லக் கேட்டாள்.

“டீச்சர், அந்தச் செயலியில யாரும் வாசிக்காமலே பதிவு வருமா?”

“வராதும்மா. ஆனா இருக்கிறது போகும்.”

“போகுமா?”

“முந்நூறுதான் வச்சுக்கும். புதுசா ஒண்ணு வந்தா, சேமிக்காததுல ஆகப் பழசு ஒண்ணு தானா அழிஞ்சிடும். ஏன், முகம் ஏன் இப்படி ஆயிடுச்சு?”

பக்கத்து இருக்கை வங்கிக்காரர் விடுவாரா? “டயரியில ஒரு பக்கத்தைக் காணோம் போலிருக்கு டீச்சர்.”

அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பிப்ரவரி 26 முதல் நாள் தவறாமல் இருபது. நேற்றோடு பதினாலு நாள். இருநூற்றெண்பது. இடைவிடாமல் வாசித்திருந்தால் நாளுக்கு ஒரே பதிவாகப் போயிருக்கும். அவளோ ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, டயரியில் குறித்துவிட்டு, அடுத்ததைத் தொடங்கினாள். குறிக்க எடுத்த அந்த ஐந்து நொடியில் அண்ணன் ஒவ்வொன்றாகப் போயிருக்கிறான்.

வீட்டுக்கு ஓடி வந்து எண்ணினாள். அண்ணனுடையதில் மீதி பத்து. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘சேமி’, ‘நீக்கு’ என்று இரண்டு குறிகள் ஒட்டிக்கொண்டு இருந்தன. விரலை நீட்டி, மடக்கிக்கொண்டாள். எதைத் தொட்டுத் தொலைப்போமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது. வெள்ளிக்கிழமை டீச்சரிடம் கொடுத்துச் சேமிக்கச் சொல்லலாம் என்று மூடி வைத்தாள். நாளை பதினொன்று பத்துக்கு இன்னொன்று போகும் என்பது தெரிந்தும், டேப்லெட்டைக் கடைக்கு எடுத்துப் போக மனம் வரவில்லை. வருவது அவனாக இருந்தால்? வந்து பார்த்து, மேசை காலியாக இருந்தால்?

வியாழக்கிழமை கடைக்காரரிடம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். மாடிப்படி ஏறும்போதே கேட்டது. வாசல் பூட்டு திறந்திருந்தது. அண்ணன் அறைக் கதவைத் தள்ளினாள்.

சலவைக்கூடத்து நீலச் சீருடையோடு அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். மடியில் டேப்லெட். ஒற்றை விரலால் வாசித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா! கைய எடுக்காத!”

“அடிப்பாவி, உசிரே போச்சு! கடை லீவா?”

“வாசிச்சுக்கிட்டே இரும்மா. நீ நிறுத்தினா அண்ணன் வாசிச்சதுல ஒண்ணு போயிடும்.”

அம்மா பாட்டை மறந்து ஒரே கட்டையைத் திரும்பத் திரும்பத் தட்டினாள். டயரி தரையில் மண்டியிட்டு, திரையின் மேல்பாதியில் பட்டியலைத் திறந்தாள். இப்போது தயங்க நேரமில்லை. கடையில் தட்டின் மேலிருக்கும் வேலையை முதலில் எடுக்கிற பழக்கம். அண்ணனின் பத்தில் மேலே இருந்ததிலிருந்து தொடங்கினாள். சேமி. சேமி. அம்மாவின் விரல் அவள் காதருகில் டொங் டொங்கென்றது.

ஒன்பது முடிந்தது.

“எதுடி போயிடும்?” என்றாள் அம்மா.

“ஆகப் பழசு. அடியில இருக்கிறது.”

“அதுவா?”

அம்மாவின் விரல் அந்தரத்தில் நின்றது.

“அம்மா, தட்டு!”

பட்டியல் ஒரு வரி நகர்ந்தது. உச்சியில் இன்றைய தேதி, பதினொன்று பத்து. அடியில் இருந்த பத்தாவதைக் காணோம்.

டயரி பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். பிறகு அம்மா சொன்னாள்.

“நீ மொதமொதல்ல வாசிச்ச அன்னைக்கு, இந்த ரூம்ல சத்தம் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. மறுநாள் டீ நேரத்துல வந்து தெறந்தேன். அடியில இருக்கிறதத்தான் தினமும் கேப்பேன். நேத்து கேட்டது இன்னைக்கு இருக்காது. ஒரு நாள் அவசரமா வாசிப்பான், ஒரு நாள் தூக்கக் கலக்கத்துல மாதிரி. எனக்காகத் தினமும் புதுசா ஒண்ணு வாசிச்சு வச்சிட்டுப் போறான்னு நெனச்சேன். பதிலுக்கு நானும் ஒண்ணு...”

ஆமாம் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது.

“அது நான்தாம்மா. நான் இருபது தடவை வாசிச்சதுல அவனோடது இருபது அழிஞ்சது. அதான் உனக்குத் தினமும் வேற வந்தது.”

அம்மா சீருடையின் ஓரத்தால் திரையைத் துடைத்தாள். விரிசல் இருந்த மூலையில் மட்டும் மெதுவாக.

“ஒண்ணையே இருபது தடவையா வாசிச்ச? பைத்தியம் பிடிக்கலையா உனக்கு?”

“தெரியாமப் பண்ணிட்டேம்மா.”

“சரி விடு.” சுவரைப் பார்த்தாள். “அப்போ நாளைக்கு?”

“இந்த ஒன்பதுதாம்மா. இனிமே மாறாது.”

“மாறாதா,” என்றாள் அம்மா. நேரம் ஆகிவிட்டதென்று எழுந்தாள். செருப்புச் சத்தம் படியிறங்கித் தெருவரை போனது. டயரி அந்த மேசைமுன் நின்றாள். இத்தனை நாள் தனியாக வாசித்தபோதெல்லாம் முதுகுக்குப் பின்னால் ஆள் இருப்பதுபோலவே இருக்கும். இப்போது திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. அறையில் யாரும் இல்லை.

மார்ச் 13, வியாழன். பயிற்சி இல்லை. சேமித்தது ஒன்பது. போனது ஒன்று; அடியிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். நாளை வகுப்புக்குப் போகும் வழியில் பென் டிரைவ் வாங்கி, டீச்சர் உதவியோடு ஒன்பதையும் இன்னொரு பிரதி எடுக்க வேண்டும். அதற்கு முன், காலையில் கடைக்குக் கிளம்பும்போது டேப்லெட்டைச் சார்ஜில் போட்டு, அண்ணன் அறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போக வேண்டும்.