ஜன்னல் இல்லாத பக்கம்

எங்கள் வீட்டு வளவை ஒட்டி ஸப்ராஸ் ஒன்பது மாடி எழுப்பப் போவதாக, அயலவர் சம்மதக் கடிதத்தோடு என்னிடம் வந்தான். ஓட்டு வீடுகளும் ஒரு மத்ரஸாவும் கழுதைகளும் உள்ள ஒழுங்கைக்கு இது எதற்கு என்று கேட்டேன். புத்தளம் முன்னேற வேண்டுமாம். எங்கள் பக்கம் ஒரு ஜன்னலும் இருக்கக்கூடாது என்று எழுதச் செய்து, அதன் பிறகுதான் கையெழுத்து வைத்தேன். எங்கள் குடும்பத்துப் பெண்களின் வளவை எவனும் எட்டிப் பார்த்ததில்லை.

அவன் சொல் தவறவில்லை. ஜன்னல் வைக்கவில்லை. அடியிலிருந்து உச்சிவரை முகம் பார்க்கிற கண்ணாடியைப் பதித்துவிட்டான்.

அந்த மாதம் என் தங்கை அக்கீலாவின் மாப்பிள்ளை மௌத்தானார். அதே வளவில் வாப்பா சீதனமாகக் கொடுத்த வீட்டிலேயே அவள் கைம்பெண்ணுக்கான இத்தா இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் பிற ஆண்கள் கண்ணில் படக்கூடாது. ஆறடி மதிலுக்குள் இருக்கும் பின்வளவு ஒன்றுதான் அவளுக்கு வெளி.

ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு, எதிரே உள்ள தேத்தண்ணிக் கடையின் மேல்மாடியில் போய் உட்கார்ந்தேன். கடைக்கார நௌஃபர் சிரித்தான்.

"ஹாஜியார், உங்கட ஆடு முருங்கையத் திண்டு முடிக்கப்போகுது."

"மதிலுக்கு அங்கால நிக்கிற ஆடு உனக்கு எப்படிடா தெரியும்?"

அவன் கண்ணாடியைக் காட்டினான். ஆடு தெரிந்தது. கிணறு தெரிந்தது. கொடியில் காயும் துணிகூடத் தெரிந்தது. பக்கத்து மேசையில் நாலு பேர் அந்தப் பக்கமே பார்த்தபடி பாண் தின்றுகொண்டிருந்தார்கள்.

நேரே அக்கீலாவிடம் போய், இனி வளவில் இறங்காதே என்றேன்.

"இன்னும் எழுவது நாள் கிடக்கு, காக்கா. கண்ணாடி போட்டவன் வெளியில திரியிறான். நான் அறைக்குள்ளயா?"

அவள் கேட்டது நியாயம். ஸப்ராஸ் வேலை நடத்தும் கந்தோருக்குப் போனேன். கதிரையைக் காட்டினான். நான் உட்காரவில்லை.

"நீங்கதானே ஹாஜியார் ஜன்னல் வேணாம் எண்டீங்க?"

"ஓம், சொன்னன். எங்கட வளவ ஊருக்கு விரிச்சுக் காட்டச் சொன்னனா?"

"கோவிக்காதீங்க. நாலாம் மாடியில ஒரு வீடு சும்மா கிடக்கு, ஏசியும் இருக்கு. இத்தா முடியுமட்டும் ராத்தாவ அங்க வைங்களேன்."

மாப்பிள்ளையோடு வாழ்ந்த வீட்டை விட்டு என் தங்கை இவனுடைய கண்ணாடிப் பெட்டிக்குள் குடியேற வேண்டுமாம்.

"உன்ட உம்மாவக் கூட்டிட்டு வா. அவ எங்கட கிணத்தடியில நிக்கட்டும். நீ நௌஃபர்ட மேல்மாடியில இருந்து தேத்தண்ணி குடி."

கந்தோரில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஸப்ராஸின் முகம் கறுத்தது. பிறகு மெதுவாகச் சொன்னான்: "சரி, சுண்ணாம்பு பூசுறன். இத்தா முடிஞ்சதும் கழுவலாம்தானே? வீடு வாங்க ஆக்கள் வருவாங்க."

"இத்தா முடிஞ்சாலும் அது எங்கட பொம்புளைகள்ட வளவுதான்."



மறுநாள் கூலியாட்கள் கயிற்றில் தொங்கி, வளவு தெரிகிற மூன்று மாடி உயரத்துக்கு வெள்ளை பூசினார்கள். மஃரிப் தொழுகைக்குச் சற்று முன் வேலை முடிந்தது. அக்கீலா பின்கதவைத் திறந்து வளவில் இறங்கினாள். நான் மதிலோரம் நின்று அந்த வெள்ளையை மேலும் கீழும் பார்த்தேன். கழுவ வருகிறவன் முதலில் என்னைத் தாண்டட்டும்.