எல்லைப் புளியின் முண்டு

கொழுந்தன் விமல்ராஜ் யாரோ ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு மிளகுத் தோட்டத்துக்குள் இறங்குவதைக் கண்டதுமே முனியாயி, பலாமரத்தடியில் நின்ற புருசன் சின்னானை விட்டுவிட்டு விறுவிறுவென்று வரப்புக்கு வந்தாள். வந்தவர் சதீஷ்குமார், சேந்தமங்கலத்தில் செடிப் பண்ணை வைத்திருக்கிறவர். வரப்போரத்துக் குட்டைப் புளியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அடிமரத்தில் ஆட்டுத்தலை கணக்காகப் புடைத்திருந்த முண்டைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"இந்த மாதிரி முண்டுக்குத்தானுங்க்கா அலையறேன். தொட்டியில வெச்சு போன்சாய் பண்ணுனா நூறு வருசத்து மரமாட்டத் தெரியும். நல்ல வெலை தாரேனுங்க."

"காசு பூரா நீங்களே வெச்சுக்கங்க அண்ணி" என்றான் விமல்ராஜ்.

விறகுக்கும் ஆகாத மரத்துக்கு விலையா! சோழியன் குடுமி சும்மா ஆடுமா? அந்தப் புளிதான் அண்ணன் தம்பி நிலத்துக்கு எல்லை. பாகம் பிரித்தபோது பெரியவர்கள் சொன்ன பேச்சு ஊருக்கே தெரியும்: எல்லை மரத்தை யாரும் வெட்டக் கூடாது, தானாகப் பட்டுப்போனால் மறுபடி அளந்துகொள்ளலாம். சரிபாதியாக அளந்தால் சுனை இருக்கிற துண்டு விமல்ராஜுக்குப் போய்விடும். கோடையில் அவள் மிளகுக்கொடி உயிரோடு இருப்பதே அந்தச் சுனைத் தண்ணீரால்தான். மரம் பட்டுப்போகிற வழியாக இல்லை, அதனால் வேரோடு பெயர்க்கவே ஆள் பிடித்து வந்துவிட்டான் பாவி என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நோவு வந்த மரம் உங்களுக்கு எதுக்கு சாமி?"

"நோவு இல்லீங்க்கா, வெட்டுக்காயம். கொடுவாள் பட்ட எடத்துல மொட்டு மொட்டாக் கெளம்பும். அது தழையறதுக்குள்ள அங்கயே இன்னொரு வெட்டு. வெளிய வர வழியில்லாம உள்ளுக்குள்ளயே சுருண்டு முண்டாயிரும். யாரோ வருசக்கணக்கா இங்கயே கொத்தியிருக்காங்க."

முனியாயி விமல்ராஜின் பக்கம் திரும்பினாள். "மரத்தைச் சாகடிக்கப் பாத்தியா? நீ நல்லா இருப்பியா?"

"சாமி சத்தியமா நான் தொட்டதில்லீங்க அண்ணி!"

சதீஷ்குமார் சங்கடத்தோடு குனிந்து பார்த்தார். "அவரு பக்கம் கெடுபள்ளமுங்க, ஆள் நிக்கவே எடமில்லை. வெட்டு அத்தனையும் உங்க தோட்டத்துல நின்னு போட்டதுங்க."

அவள் தோட்டத்தில் கொடுவாளோடு இறங்குகிறவர்கள் அவளும் புருசனும் மட்டும்தான். பலாமரத்தடியில் நின்றிருந்த புருசனைப் பார்த்தாள். சின்னான் தலையைத் தொங்கப்போட்டிருந்தான்.

"ஏனுங்க?"

"அவனும் தண்ணி இல்லாம எத்தனை வருசந்தான் கெடப்பான்? உங்கிட்டச் சொன்னா ஊட்டை ரெண்டாக்கிருவ. தானாப் பட்டுப்போச்சுன்னா ஆரும் ஆருகிட்டயும் கேக்க வேண்டாம்னு..."

விமல்ராஜ் அண்ணனையே பார்த்தான். முனியாயிக்கு அழுகை வந்தது, அதற்கு மேல் அவமானம் வந்தது. இத்தனை காலமும் கொழுந்தனைத் தூற்றிய தூற்றலையெல்லாம் பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தவன் இவன்.

"மரத்தை என்ன பண்ணட்டுமுங்க்கா?" என்றார் சதீஷ்குமார் மெதுவாக.

அவள் புருசனிடம் கையை நீட்டினாள்.

"ஒளிச்சு ஒளிச்சு வெட்டுனது போதும். கொடுவாளைக் குடுங்க."

சின்னான் இடுப்பிலிருந்து உருவிக் கொடுத்தான். பிடியில் அவன் உடம்புச் சூடு இன்னும் இருந்தது.